தேக்கா சந்திப்பின் பழைய படம்: ஆண்டைச் சொல்லும் தடயங்கள்

சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் தேக்கா முனையில் எடுத்த பழைய படம் உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இருக்கலாம். ஆனால், பின்புறத்தில் ஆண்டு எழுதப்பட்ட படங்கள் குறைவு. அப்படிப்பட்ட படத்தில், முன்னால் நிற்பவரைவிடப் பின்னால் தெரியும் சாலையே அதன் காலத்தைச் சொல்லும்.

முதலில் கடைப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தால், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காவிட்டால் சாலையின் எந்தப் பக்கம் எது என்பதே குழம்பிவிடும்.

அடுத்து, சந்தை. 1915ல் கட்டப்பட்ட பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை, இன்று ‘தேக்கா பிளேஸ்’ இருக்கும் பக்கத்தில் நின்றது. 1982ல் அது இடிக்கப்பட்டு, சாலைக்கு எதிர்ப்புறம் புதிய சந்தை திறக்கப்பட்டது. புதிய கட்டடத்துக்கு முதலில் ‘சூஜியாவ்’ என்று பெயர். மக்கள் விடாமல் தேக்கா என்றே அழைத்தனர். 2000ல் அதிகாரபூர்வப் பெயரும் தேக்கா ஆனது. எனவே, பெயர்ப் பலகையும் ஒரு தடயம்தான்.

சாலைக்கு மேலே ஓடும் கம்பிகளையும் எண்ணுங்கள். சிங்கப்பூரில் 1905 முதல் 1927 வரை மின்சார டிராம் ஓடியது. மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பியதால் அதற்கு ஒரு கம்பி போதும். 1926ல் வந்த டிராலி பஸ்ஸுக்கு ரப்பர் சக்கரம் என்பதால் இரண்டு கம்பிகள் வேண்டும். டிராலி பஸ் சேவை 1962ல் நின்றது.

சந்திப்பின் நடுவே, பிரம்பில் பின்னிய ‘இறக்கை’யை முதுகில் கட்டிய போக்குவரத்துக் காவலர் நிற்கிறாரா? கைகளை நீட்டிக்கொண்டே நிற்கும் வலியைத் தவிர்க்க வந்த ஏற்பாடு அது. காவலர் உடலைத் திருப்பினால் போதும், எந்தத் திசை வாகனங்கள் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அவர் இருந்தால் படம் மிகப் பழையது.

பேருந்தில் ‘எஸ்பிஎஸ்’ என்று இருந்தால் படம் 1973க்குப் பிந்தியது. அந்த நிறுவனம் அந்த ஆண்டில்தான் உருவானது. அதே படத்தில் பழைய சந்தையும் இருந்தால், காலம் 1973க்கும் 1982க்கும் இடையே அடங்கிவிடும். 1975ல் பிறந்த பிள்ளை அதில் கைக்குழந்தையாக இருந்தால், இன்னும் ஓரிரு ஆண்டுக்குள் குறுக்கிவிடலாம்.

ஆனால், அந்தக் குழந்தையைத் தூக்கி நிற்பவர் யார் என்பதை எந்தக் கம்பியும் சந்தையும் சொல்லாது. அது வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் உறவையும் மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் எழுதிவையுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.