‘இது எத்தனை டச்?’

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு சின்ன நகைக்கடை. பேத்தியின் பழைய கொலுசை எடுத்து வைத்தார் சித்தி. சரியாக 100 கிராம். கடைக்காரர் ஒரு கண்ணியை அரத்தால் லேசாக ராவி, மெஷினில் வைத்துப் பார்த்தார்.

“65 டச்சுதான் இருக்கு மாமி, நூத்துக்கு 65 பங்குதான் வெள்ளி. அதுக்குத்தான் காசு தர முடியும்.”

தி.நகரில் வாங்கியபோது 100 கிராமுக்கும் அன்றைய வெள்ளி விலையைக் கொடுத்திருந்தார், செய்கூலி தனி. மடித்து வைத்திருந்த பில்லில் ‘வெள்ளி கொலுசு 1 ஜோடி’ என்று இருக்கிறது, எடை இருக்கிறது. டச் எங்கேயும் இல்லை.

வெள்ளியில் செம்பு சேர்ப்பது மோசடி கிடையாது. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், கொலுசாகப் போட்டால் நசுங்கிவிடும். ஊர் உலகம் கொண்டாடும் ஸ்டெர்லிங்கிலேயே வெள்ளி 92.5 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் செம்பு. எவ்வளவு சேர்த்தோம் என்பதைச் சொல்லாமல் முழு வெள்ளி விலை வாங்குவதுதான் தகராறு. 2025 அக்டோபரில் சென்னையில் வெள்ளி கிராம் 200 ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்கு, 35 கிராம் செம்புக்காக நாம் கொடுப்பது 7,000 ரூபாய்.

வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். காந்தத்தில் வெள்ளி ஒட்டாது, சரி, செம்பும்தான் ஒட்டாது. கறுத்தால் கலப்படம் என்பதும் தப்பு. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் 99.9 சதவீதம் சுத்தமான வெள்ளிக் குத்துவிளக்கும் கறுக்கும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாயுதான். விபூதி போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். கடை மெஷினும் மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் அதையே ஏமாற்றும். மயிலாப்பூர் கடைக்காரர் அரத்தை எடுத்தது அதற்காகத்தான்.

பாண்டி பஜாரில் நவராத்திரிக்குக் குவியும் ‘ஜெர்மன் சில்வர்’ குங்குமச் சிமிழில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். பேரில் மட்டும்தான் வெள்ளி.

தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 ஜூனில் கட்டாயமானது. வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1-இல் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யூ.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியீடு வந்தது, ஆனால் கடைக்காரர் விரும்பினால்தான். அதனால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரையோடு ‘சில்வர்’ என்ற சொல், 925 போன்ற தர எண், எச்.யூ.ஐ.டி. மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறியீட்டை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைந்தால், குறைவின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்கலாம். 925 என்று விற்ற 100 கிராம் நகை 800தான் என்றால், குறைவு 12.5 கிராம், கிராம் 200 ரூபாய் கணக்கில் அதன் இரண்டு மடங்கு 5,000 ரூபாய். பி.ஐ.எஸ். மண்டல அலுவலகம் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில், அடையாறிலிருந்து பக்கம்தான்.

முத்திரை இல்லாத நகைக்கு பில்தான் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை.

சித்தியின் பில் வழக்குக்கு உதவாது. பழையதைப் போட்டுவிட்டு அங்கேயே புதுக் கொலுசு எடுத்தார். “பில்லுல 925னு எழுதுப்பா” என்றார். கடைப் பையன் எழுதிக் கொடுத்தான். தெர்மல் தாள், சீக்கிரம் வெளுத்துவிடும். வாசலிலேயே என்னை நிற்க வைத்து பில்லைப் போனில் படம் எடுக்கச் சொன்னார்.