விசா கிடைத்தபின் வரும் ஆறு மாதம்

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ நான்கைந்து வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஜெர்மனிக்குப் போக யோசிக்கும் இளைஞர்களிடம் அவர்கள் திட்டம் என்னவென்று விசாரித்தால், வேலை உத்தரவு, விசா, டிக்கெட் என்ற மூன்றோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் சிரமமும் செலவும் மிகுந்த பகுதி விமானத்தை விட்டு இறங்கியபின் வரும் ஆறு மாதமே ஆதலால், அந்த ஆறு மாதத்தை முதலில் மனத்தில் வகுத்துக்கொண்டு, அதற்கு வேண்டியவற்றை இங்கிருக்கும்போதே தேடிக்கொள்வதுதான் உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டதாரிகள் பெரும்பாலும் நாடும் ‘ப்ளூ கார்டு’ அனுமதிக்கு 2025ஆம் ஆண்டில் வருஷச் சம்பளம் குறைந்தது 48,300 யூரோ இருக்கவேண்டியிருந்தது. பொறியியல், கணினி போன்ற ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கு இது சற்றுக் குறைவு. தொகை ஆண்டுதோறும் மாறும். உங்கள் கல்லூரியும் பட்டமும் ‘அனபின்’ என்னும் ஜெர்மானியத் தரவுத்தளத்தில் அங்கீகாரம் பெற்றிருக்கின்றனவா என்பதை வேலை தேடத் தொடங்குமுன்பே பார்த்துவிடுங்கள்.

இனி, போய் இறங்கியபின் நடப்பது. வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவுசெய்யவேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட சான்று அவசியம். அந்தப் பதிவுக்குப் பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது வந்து சேராதவரை சம்பளத்தில் உச்ச விகிதத்தில் வரி பிடிக்கப்படவும் கூடும். தபால் பெட்டியின்மேல் உங்கள் பெயர் ஒட்டப்பட்டிராவிட்டால், விலாசம் சரியாயிருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும் என்பதால், சாவி வாங்கிய அன்றே பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். பல நகரங்களில் வீடு கிடைப்பது மிக அரிதாயிருக்கிறபடியால், பதிவுக்குச் சம்மதிக்கும் தற்காலிகத் தங்குமிடம் ஒன்றை இங்கிருந்தே பேசி முடித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

பணம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வெப்பமூட்டல் முதலிய செலவுகள் நீங்கலான வாடகையில் மூன்று மாதத் தொகைவரை முன்பணமாகக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. தவிர, பல வீடுகளில் சமையலறை என்பது சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின்கம்பிகளும் மட்டுமே. தொட்டி, அடுப்பு, அலமாரி, சமயத்தில் கூரை விளக்குகூட நாமே வாங்கிப் பொருத்தவேண்டியவை. முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். அதோடு, ஆறு மாதம் வரையிலான தகுதிகாண் காலத்தில் இரண்டே வார அறிவிப்பில் வேலையை முடித்துவிட முடியும் ஆகையால், சில மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் தனியே வைத்திராமல் புறப்படுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பாஷையை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ப்ளூ கார்டு பெற்றவருக்கு ஆரம்ப நிலையான ஏ1 ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்திலும், பி1 நிலை தெரிந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே அந்நிய ஊரில் படிப்பது எளிதன்று. சென்னையில் ஜெர்மன் கற்பிக்கும் கதே நிறுவனம் இருக்கிறது, இங்கேயே ஆரம்பித்துவிடுங்கள்.

கடைசியாக, என் மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம். இங்கே நம் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோரையும் சேர்த்திருப்போம். ராஜினாமாவோடு அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அறுபது வயதுக்காரருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கும்படி நிபந்தனை விதிக்கலாம். குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற விதிகள் இடம் தருகின்றன. ஆனால் வேலையில் இருக்கும்போதே அதைக் கேட்டுவிடுவது நல்லது. ஆகவே ராஜினாமாக் கடிதத்தை அனுப்புமுன், மனிதவளப் பிரிவுக்குப் போய் அந்தப் பாலிசியின் பிரதியையும், மாறுவதற்கு எத்தனை நாள் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும் என்ற விவரத்தையும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.