ஓர் இரவு உறக்கம் உயிரைக் குடிக்கும்! - சபர் சென்றோர் அறிய வேண்டிய எச்சரிக்கை

மது நமக்கு விலக்கப்பட்டது. நம் இல்லங்களில் அதற்கு இடமில்லை. ஆகவே விஷச் சாராயம் பற்றிய கட்டுரை நமக்கெதற்கு என்று இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கருக்களாச்சேரி, காரைக்கால், நாகூர் என நம் கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் பலர் பிழைப்பு நாடிச் சபர் சென்று, ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கின்றனர். அவ்வறையில் உள்ளோர் அனைவரும் ஒரே பழக்கமுடையவர் அல்லர். உங்கள் மகன் மதுவைத் தொடாதவனாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த கட்டிலில் கிடப்பவரின் உயிரைக் காக்கும் பொறுப்பு ஏதோ ஓர் இரவில் அவன்மீது வந்து விழலாம்.

காரைக்காலில் உரிமம் பெற்ற கடைகளில் மது வெளிப்படையாக விற்கப்படுகிறது. இங்கே பழகிய நாக்கு, மது தடைசெய்யப்பட்ட நாட்டிற்குச் சென்ற பின்னும் சும்மா இருப்பதில்லை. மறைவிடத்தில், பெயரற்ற புட்டியில் கிடைப்பதை வாங்கிப் பருகுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

குவைத் நாட்டில் 1964ஆம் ஆண்டு முதல் மது இறக்குமதிக்குத் தடை உண்டு. 2025 ஆகஸ்டு மாதத்தில் அங்கே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 160 பேர் பாதிக்கப்பட்டனர். 23 பேர் மாண்டனர். அனைவரும் ஆசிய நாட்டினர் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. 51 பேருக்கு அவசரமாக டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. 21 பேர் பார்வையை இழந்தனர் அல்லது பார்வை குன்றினர். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரில் நம் நாட்டினரும் இருந்தனர். குடும்பத்தைக் காப்பாற்றச் சென்றவர்களின் கதி இது!

தடையுள்ள நாடுகளில் மட்டுமே இது நிகழும் என எண்ணிவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் மலேசியாவில் இதே நஞ்சால் பலர் இறந்தனர். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதி. 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகருக்குச் சுற்றுலா சென்ற ஆறு வெளிநாட்டவர் உயிரிழந்தனர். நம் அண்டையிலும் இத்துயரம் உண்டு. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊர் 2023 மே மாதத்திலும், கள்ளக்குறிச்சி 2024 ஜூனிலும் இதே நஞ்சால் அழுதன. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மெத்தனால் என்பது என்ன? தின்னர், வண்ணப்பூச்சு முதலியவற்றில் பயன்படும் தொழிற்சாலைச் சாராயம் அது. விலை மலிவு என்பதால் பேராசைக்காரர் மதுவில் கலக்கின்றனர். நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அதைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பின் கடியில் உள்ள அமிலம் அதுவே. அது முதலில் தாக்குவது கண்ணின் நரம்பை. 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி அளவே உயிரைப் பறித்ததும் உண்டு.

இந்நஞ்சின் வஞ்சகம் அதன் தாமதத்தில் உள்ளது. குடித்தவர் முதலில் சாதாரண போதையில் இருப்பதாகவே தோன்றும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழிந்த பின்னரே தலைவலி, வாந்தி, கடும் வயிற்றுவலி, மூச்சுவாங்கல் ஆகியவை தோன்றும். பனிமூட்டத்தினூடே பார்ப்பது போல் கண் மங்கும். "போதை தெளியட்டும், தூங்கவிடுங்கள்" என்று நண்பர்கள் விட்டுவிடும் அந்த உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடுகிறது.

நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல் தடுப்பது எது? அச்சமும் வெட்கமும் அன்றோ! காவலர் பிடிப்பார்களோ, வேலை போகுமோ, நாடு கடத்துவார்களோ, ஊரில் தலைகுனிவு நேருமோ என்று கதவைச் சாத்திக்கொள்கின்றனர். அந்த அச்சம் பொய்யன்று. தடையுள்ள நாட்டில் தண்டனை கிடைக்கக்கூடும். ஆயினும் நாடு கடத்தப்பட்டவன் வீடு வந்து சேர்வான். இழந்த பார்வை மீண்டு வருமா? அவன் செய்த பாவத்திற்கு அவன் இறைவனிடம் பதில் சொல்லிக்கொள்வான். உயிரைக் காக்காமல் கதவடைத்ததற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

உரிய நேரத்தில் சென்றால் சிகிச்சை உண்டு. ஃபோமிபிசோல் என்னும் முறிமருந்து, நஞ்சு அமிலமாக மாறுவதைத் தடுக்கிறது. டயாலிசிஸ் இரத்தத்திலிருந்து நஞ்சை நீக்குகிறது. மோர், எலுமிச்சை, கருப்புக் காப்பி எதுவும் பயன் தராது. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீந்த புட்டியையும் எடுத்துச் செல்ல வேண்டும். அதே புட்டியில் குடித்த மற்றவர்கள், தமக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும், உடன் செல்ல வேண்டும்.

தாய்மார்களே! வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் அடுத்த முறை பேசும்போது இச்செய்தியைச் சொல்லுங்கள். அவசர உதவிக்குக் குவைத்தில் 112, சவூதியில் 997, அமீரகத்தில் 998, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, நம் ஊரில் 108 என்ற எண்களைக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். தின்னர் போன்றவற்றைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கலாகாது என்பதையும் நினைவூட்டுங்கள். தாகத்தில் அறியாமல் பருகுவோரும் உண்டு. "மகனே! நீ அதைத் தொடாதே. தொட்டவன் உன் அருகில் விழுந்து கிடந்தால், அவனை வெறுத்து ஒதுங்காதே, விடியும்வரை காத்திராதே, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்" என்று கூறுங்கள். எங்கோ ஒரு வீட்டில் அவனுக்காகவும் ஒரு தாய் காத்திருக்கிறாள்.