நீர் வாரியமும் எல்லை கடந்த கடல்நீர்க் குடிநீராக்கமும்: பிடோக், துவாஸ், சென்னை

சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள பிடோக் வட்டாரம், நீர் மேலாண்மை பற்றிய ஆய்வில் தனியிடம் பெறத்தக்கது. அங்குள்ள நீர்த்தேக்கம் இயற்கையான ஏரியன்று. மணல் எடுக்கப்பட்ட குழியே 1986இல் நீர்த்தேக்கமாக மாற்றப்பட்டது. அதே வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டு மே மாதம், நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் நீரைத் தூய்மை செய்யும் மாதிரி ஆலை ஒன்று செயல்படத் தொடங்கியது. கழிவுநீரை நுண்சவ்வுகளின் வழியே செலுத்திக் குடிக்கத்தக்க நீராக மாற்ற இயலும் என்பதை அவ்வாலை மெய்ப்பித்துக் காட்டியது. அதன் பயனாக 2003இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் ‘நியூவாட்டர்’ ஆலைகள் திறக்கப்பட்டன. பிடோக் ஆலையையொட்டி இயங்கிய பார்வையாளர் மையத்திற்குப் பள்ளி மாணவர் பலர் சென்று வந்துள்ளனர். அம்மையம் 2024இல் மூடப்பட்டது.

பிடோக்கில் தேர்ச்சி பெற்ற அதே சவ்வுத் தொழில்நுட்பமே, தீவின் மறுகோடியிலுள்ள துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கவும் பயன்பட்டது. நீர் வாரியம் ஒன்று இப்பணியில் ஈடுபடும்போது நாட்டெல்லை என்பது எத்தனை வடிவங்களில் வந்து குறுக்கிடுகிறது என்பதை நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். எல்லை கடந்து வருவது நீர் மட்டுமன்று. முதலீடும் கடனும் ஒப்பந்தமும் எல்லை கடந்தே வருகின்றன. நீரைவிட இவையே பெருஞ்சிக்கலைத் தோற்றுவித்தன என்பது நமது கருத்து.

சொல்லும் பொருளும்

முதலில் கலைச்சொல் பற்றிச் சிறிது கூறுதல் தகும். தமிழகச் செய்தித்தாள்கள் ‘கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம்’ என்று எழுதுகின்றன. அறிவியல் எழுத்தில் ‘உவர்நீக்கம்’ என்னும் சொல்லும் வழங்குகிறது. முன்னது பயனைச் சுட்டுகிறது. பின்னது செயலைச் சுட்டுகிறது. வகுப்பறையில் பின்னதே துல்லியமானது எனலாம். ஆயினும் முதற்சொல் மக்களுக்கு எளிதில் விளங்குவதால் இக்கட்டுரையில் அதனையே நாம் பெரிதும் ஆள்கிறோம். ‘நியூவாட்டர்’ என்பதைப் ‘புதுநீர்’ எனப் பெயர்ப்பதில் ஓர் இடர் உண்டு. தமிழிலக்கியத்தில் புதுநீர், புதுப்புனல் என்பன ஆற்றில் முதன்முதலாகப் பெருகிவரும் வெள்ளத்தைக் குறிப்பவை. வையையைப் பாடும் பரிபாடற் பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கறிவர். கழிவுநீரிலிருந்து மீட்டெடுத்த நீருக்கு அப்பெயரைச் சூட்டினால் மாணவர் மயங்கக்கூடும்.

உவர்நீக்கத்தின் அடிப்படை, பள்ளிப் பாடநூல்களில் வரும் சவ்வூடு பரவலே. செறிவு குறைந்த நீர் தானாகவே சவ்வைக் கடந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கிச் செல்வது இயற்கை. கடல்நீரின்மீது மிகுந்த அழுத்தம் கொடுத்து இவ்வியற்கையைத் திருப்பினால், உப்பு பின்தங்க, நன்னீர் மட்டும் சவ்வைக் கடக்கும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பைக் கொண்டது. அதனைப் பிரிக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் 55 முதல் 70 மடங்கு அழுத்தம் தேவைப்படுகிறது. உட்கொள்ளும் நீரில் பாதிக்கும் குறைவானதே நன்னீராகிறது. எஞ்சியது இருமடங்கு உவர்ப்புடன் கடலுக்கே திரும்புகிறது. சிங்கப்பூர் ஆலைகளில் ஒரு கன மீட்டர் நீருக்குச் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. கழிவுநீரில் உப்பு குறைவாதலின், பிடோக் போன்ற ஆலைகளுக்கு இதில் ஒரு பகுதியே போதும். எனவே கடல்நீர் ஆலையின் தலைவிதி மின்சார விலையோடு பிணைந்தது. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

ஜொகூர் நீரும் மூன்று சென்னும்

கடல்நீரை நாடும் நிலை சிங்கப்பூருக்கு ஏன் ஏற்பட்டது என்பதற்கு ஜொகூர் ஒப்பந்தங்களே விடை கூறும். ஜொகூரிலிருந்து நீர் பெறுவதற்கான முதல் ஒப்பந்தம் 1927இல் கையெழுத்தானது. 1942 ஜனவரி இறுதியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் ஜொகூர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது, அதன் வழியே வந்த நீர்க்குழாயும் அறுந்தது. முற்றுகைக்கு ஆளான நகரின் நீர்நிலை என்னவாயிற்று என்பதை ஆட்சியாளர் எவரும் பின்னர் மறக்கவில்லை.

1961, 1962ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் இன்றைய ஏற்பாட்டிற்கு அடித்தளமிட்டன. முதலாவது 2011 ஆகஸ்டில் காலாவதியாயிற்று. இரண்டாவது 2061 வரை செல்லும். அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை நீரெடுக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்திற்கு உரிமையுண்டு. ஆயிரம் கேலன் நீருக்கு 3 சென் விலை. தூய்மை செய்யப்பட்ட நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலனுக்கு 50 சென் கொடுத்துத் திரும்பப் பெறுகிறது. 25 ஆண்டுகளுக்குப்பின் விலையை மறுஆய்வு செய்யலாம் என்னும் விதியின்படி 1987இல் மறுஆய்வு நடைபெறவில்லை. அவ்வுரிமை இன்னும் உண்டா இல்லையா என்பதே இரு நாட்டு வழக்கின் சாரம். 2018இல் மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது இதனை மீண்டும் எழுப்பினார். 3 சென் மிகக் குறைவு என்பது மலேசியத் தரப்பு. அணை, சுத்திகரிப்பு நிலையம், குழாய் ஆகியவற்றின் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகச் சிங்கப்பூர் கூறுகிறது. இரண்டிலும் நியாயம் உண்டு.

விலையைக் காட்டிலும் மழையே கடுமையான எச்சரிக்கையை விடுத்தது எனலாம். ஜொகூர் ஆற்றிற்கு வறட்சிக் காலத்தில் நீர்விட்டுக் கடலுவர்ப்பு ஏறாமல் காப்பது லிங்கியு அணை. 2016 அக்டோபரில் அதன் கொள்ளளவு 20 விழுக்காட்டுக்குத் தாழ்ந்தது. அணையில் நீரில்லையெனில் ஒப்பந்தத் தாளில் உள்ள 250 மில்லியன் கேலன் தாளிலேயே இருக்கும்.

துவாஸ் ஆலைகள்

சிங்கப்பூரின் முதற் கடல்நீர் ஆலை 2005 செப்டம்பரில் துவாஸில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 30 மில்லியன் கேலன் திறன் கொண்டது அது. ஆலையைக் கட்டி இயக்கும் பொறுப்பை ஹைஃப்ளக்ஸ் நிறுவனம் ஏற்றது. 20 ஆண்டுகளுக்கு நீரை வாங்கும் பொறுப்பைக் கழகம் ஏற்றது. முதலாண்டு விலை கன மீட்டருக்கு 78 காசு. பேராக் மாநிலத்துக் கம்பாரில் வளர்ந்த ஒலிவியா லம் 1989இல் தொடங்கிய சிறு நிறுவனமே ஹைஃப்ளக்ஸ். பிடோக் நியூவாட்டர் ஆலையின் பணியிலும் அதற்குப் பங்கிருந்தது. பின்னர் அது கடல்கடந்தும் சென்றது. அல்ஜீரியாவின் ஓரான் நகருக்கருகில் மக்தா என்னுமிடத்தில் நாளொன்றுக்கு 500,000 கன மீட்டர் திறன் கொண்ட ஆலைக்கான ஒப்பந்தத்தை 2008இல் பெற்றது.

2013 செப்டம்பரில் துவாஸ்பிரிங் எனும் இரண்டாம் ஆலை திறக்கப்பட்டது. திறன் 70 மில்லியன் கேலன்; ஒப்பந்தக் காலம் 25 ஆண்டு; முதலாண்டு விலை 45 காசு. எட்டாண்டு இடைவெளியில் விலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது எவ்வாறு? ஆலையோடு 411 மெகாவாட் மின்னிலையம் ஒன்றும் இணைக்கப்பட்டது. தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தைச் சந்தையில் விற்று வரும் ஊதியத்தால் நீரின் விலையைத் தாங்கலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் சிங்கப்பூரில் மின்னுற்பத்தித் திறன் தேவையை மிஞ்சியது, மின்விலை வீழ்ந்தது. கணக்கும் வீழ்ந்தது. 2018 மே மாதம் ஹைஃப்ளக்ஸ் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது.

நம் ஆய்வுப் பொருளாகிய எல்லை இங்குத்தான் எதிர்பாராத வடிவில் தோன்றுகிறது. மலேசிய நீரைச் சார்ந்திராமைக்கெனக் கட்டப்பட்ட ஆலைக்குப் பெருங்கடன் கொடுத்திருந்தது மலேசியாவின் மேபேங்க். நிறுவனத்தை மீட்க முன்வந்து 2019 ஏப்ரலில் கைவிட்டது இந்தோனேசியாவின் சலீம், மெட்கோ குழுமங்களின் கூட்டணி. இடையில் அகப்பட்டோர், பங்கும் பத்திரமும் வாங்கியிருந்த சுமார் 34,000 சிறு முதலீட்டாளர். அவர்கள் இட்ட தொகை 900 மில்லியன் வெள்ளி. நாட்டின் தண்ணீரில் போட்ட பணம் மூழ்காது என்று பலர் நம்பியிருத்தல் வேண்டும். வாங்குபவர் அரசுக் கழகம் என்பதால் விற்பவரும் அரசு போல நிலையானவர் என எண்ணுவது இயல்பே.

கழகம் 2019 மார்ச்சில் ஒப்பந்த மீறல் அறிவிப்பை விடுத்து, மே 18ஆம் நாள் உவர்நீக்க ஆலையைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஆலையின் மதிப்பு எதிர்மறையாகக் கணிக்கப்பட்டதால் விலையாக ஒரு வெள்ளியும் கொடுக்கவில்லை. தனக்கு வரவேண்டிய இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்தது. மின்னிலையம் கடன்காரர்வசம் நின்றது. ஹைஃப்ளக்ஸ் 2021இல் நீதிமன்ற ஆணைப்படி கலைக்கப்பட்டது. வீட்டுக்குழாயில் நீர் ஒருநாளும் நிற்கவில்லை. இவ்வளவு குறைந்த விலைக் கேள்வியைக் கழகம் ஏற்றிருக்கலாமா என்னும் வினா அப்போது நாடாளுமன்றம் வரை சென்றது. ஒப்பந்தம் நீர் நுகர்வோரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. அக்காப்பின் விலையைச் செலுத்தியவர் வேறொரு சாரார் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. அயல்நாட்டோடு செய்துகொண்ட 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம், நாட்டுப் பிரிவினையையும் ஓயாத விலைப் பூசலையும் கடந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் உள்ளது. உள்நாட்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட துவாஸ்பிரிங் ஒப்பந்தமோ ஆறாண்டு நிறையுமுன்னரே முறிந்தது.

துவாஸ்பிரிங்குக்குப் பின் மூன்று ஆலைகள் எழுந்தன: 2018இல் துவாஸில் கழகத்தின் சொந்த ஆலை, 2020இல் மரினா ஈஸ்ட், 2022இல் ஜூரோங் தீவு. இவற்றுள் மரினா ஈஸ்ட் ஆலை, மழைக்காலத்தில் நீர்த்தேக்க நன்னீரையும் வறட்சியில் கடல்நீரையும் மாற்றி மாற்றித் தூய்மை செய்ய வல்லது. மின்செலவைக் கருதினால் இது சிறந்த உத்தி.

சென்னையின் பட்டறிவு

சிங்கப்பூருக்கு ஜொகூர் எவ்வாறோ, சென்னைக்கு ஆந்திரம் அவ்வாறே எனலாம். 1983இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 ஆயிரம் மில்லியன் கன அடி தமிழக எல்லையில் வழங்கப்பட வேண்டும். 1996இல் அந்நீர் பூண்டியை அடைந்தது. முழு அளவும் வந்து சேர்வது அரிது. ஏரிகளும் பொய்த்த நிலையில் சென்னைக் குடிநீர் வாரியம் கடலை நோக்கித் திரும்பியது.

மீஞ்சூரையடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலை 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. ஐதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். நிறுவனமும் ஸ்பெயின் நாட்டு பெஃபேசாவும் இணைந்து கட்டிய ஆலை அது. ஆயிரம் லிட்டரை ரூ. 48.66 விலையில் வாரியம் வாங்குவது என்பது தொடக்க ஏற்பாடு. பெஃபேசாவின் நீர்ப்பிரிவைத் தன்னகத்தே கொண்டிருந்த அபெங்கோவா குழுமம் 2015 இறுதியில் கடன் நெருக்கடிக்கு ஆளானது. ஐ.வி.ஆர்.சி.எல். 2018இல் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டது. உரிமையாளர் இருவரும் தளர்ந்தனர். துவாஸின் கதையோடு இதனை ஒப்பிட்டால், தனித்தனி நாடுகளில் ஒரே வகை ஒப்பந்தம் ஒரே இடத்தில் நலிவுறுவதைக் காணலாம்.

நெம்மேலியில் 2013இல் திறக்கப்பட்ட ஆலை வேறு முறையில் அமைந்தது. கட்டுமானத்தை வபாக் நிறுவனம் இஸ்ரேலின் ஐ.டி.இ. நிறுவனத்தோடு மேற்கொண்டது, உடைமை வாரியத்தினுடையது. 2024 பிப்ரவரியில் அங்கேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறன் கொண்ட இரண்டாம் ஆலை தொடங்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அறிவு வெளிநாட்டிலிருந்தும் உடைமை உள்நாட்டிலும் என்னும் இம்முறையே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஆலை அயல்நாட்டில் அமைந்தால்

ஆலையே எல்லைக்கு அப்பால் அமையும் திட்டங்களும் உண்டு. மெக்சிகோவின் ரொசாரிட்டோ கடற்கரையில் நாளொன்றுக்கு 100 மில்லியன் கேலன் ஆலை ஒன்று திட்டமிடப்பட்டது. முன்னின்றது கேமன் தீவுகளைச் சேர்ந்த நிறுவனம். கலிபோர்னியாவின் தென்கோடியில் நீர் வழங்கும் ஓட்டாய் நீர் மாவட்டம் அந்நீரில் ஒரு பகுதியைக் குழாய்வழி வாங்க விழைந்தது. எல்லையைக் கடக்கும் குழாய்க்கு அமெரிக்க அதிபர் பெயரிலான அனுமதி தேவை. அது 2017இல் கிட்டியது. ஆயினும் 2020இல் பாஹா கலிபோர்னியா மாநில அரசு ஆலை ஒப்பந்தத்தையே நீக்கிவிட்டது. சிறியதொரு நீர் வாரியம் பல்லாண்டு முயன்று பெற்ற அனுமதி, அயல் மாநிலம் ஒன்றின் முடிவால் பயனற்றுப் போயிற்று.

இஸ்ரேலும் ஜோர்தானும் 2021 நவம்பரில், ஐக்கிய அரபுச் சிற்றரசின் துணையோடு, கடல்நீர் ஆலையின் நீருக்கு ஈடாகச் சூரிய மின்சாரம் என்னும் பண்டமாற்றுக்கு இசைந்தன. ஆண்டுக்கு 200 மில்லியன் கன மீட்டர் நீர் பேசப்பட்டது. காசாப் போர் மூண்டபின், 2023 நவம்பரில் ஜோர்தான் இறுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தது.

கடல் எவருக்கும் 3 சென் கேட்பதில்லை. மறுஆய்வு விதியும் அதற்கில்லை. எனினும் சிங்கப்பூர் நீரிணையின் மறுகரைகள் மலேசியாவும் இந்தோனேசியாவும். 2024 ஜூன் 14ஆம் நாள் பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் படகொன்று எரிபொருட் கப்பலில் மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசாவும், பிடோக் படகுத்துறை அமைந்துள்ள கிழக்குக் கடற்கரையும் கறுத்தன. குடிநீராக்க ஆலைகள் பாதிக்கப்படவில்லை என அதிகாரிகள் அறிவித்தனர். கடற்கரைகளைத் துப்புரவு செய்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின.