தூக்கிப் போட மனசு வரலே!

என் பழைய கம்ப்யூட்டரில் இருப்பது 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி. "தூக்கிப் போடும்மா!" என்கிறான் பிள்ளை. எப்படிப் போடுவேன்? என் தையல் கணக்கு, வாடிக்கைக்காரர்களின் அளவுகள் எல்லாம் அதற்குள்! அந்தப் பழைய புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓட மாட்டேன் என்கிறது.

எக்ஸ்பி சிக்கனக்காரி. 64 எம்.பி. நினைவகத்திலேயே குடித்தனம் நடத்திவிடும்! ஆனால் சகோதரிகளே, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. 2017-ல் வானாக்ரை பரவியது போன்ற ஆபத்துச் சமயங்களில் ஒன்றிரண்டு வந்ததோடு சரி. பூட்டு ரிப்பேரான வீட்டில் நகையை வைப்போமோ?

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். கணக்குகளுக்குத் தனிப் பென் டிரைவில் நகல் எடுத்தேன். பாங்கு வேலைக்குப் புதுசு, தையலுக்குப் பழசு. மாமியார்–மருமகள் சண்டை தீர்ந்தது!