கால் வலிக்கு முதுகில் ஊசியா?



சில வாரங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். அவருடைய மகன் கொட்டாஞ்சேனையில் தங்கி, புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்கிறார். மூட்டை தூக்கித் தூக்கி, இடுப்பிலிருந்து பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி வலி. டிஸ்க் விலகியிருக்கிறது, நரம்புக்கு ஊசி போட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். "ஐயா, முதுகுல ஊசி போட்டா நரம்பு செத்து, கால் வெளங்காமப் போயிருமாமே? வெள்ளவத்தையில காசு கட்டிப் போடணும்னா தாலிக்கொடியத்தான் அடகு வைக்கணும்" என்று அழுதார்.

கொழுந்துக் கூடையும் உர மூட்டையும் சுமக்கும் நமது வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் பலருக்கு வரும். எனவே விளக்கமாகவே எழுதுகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல டிஸ்க்குகள் இருக்கின்றன. அவற்றின் வெளிப்பக்கம் கெட்டியான நார், உள்ளே மெதுவான பசை. ஜாம் பணிசை அழுத்தினால் ஜாம் பிதுங்குமே, அதுபோல நார் கிழிந்த இடத்தில் பசை பிதுங்கி, பக்கத்திலுள்ள நரம்பின் வேரை அழுத்துகிறது. வேர் வீங்குகிறது. அந்த நரம்பு காலுக்குப் போவதால் வலி காலில் தெரிகிறது. இதை 1934ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் தெளிவாக எழுதினார்கள். ஆகவே காலில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும், கோளாறு முதுகில்தான் இருக்கிறது.

ஊசி என்ன செய்கிறது?

எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசியை அந்த வேருக்கு அருகே கொண்டுபோய் விறைப்பு மருந்தும் ஸ்டீரொயிட் மருந்தும் செலுத்துவார்கள். விறைப்பு சில மணித்தியாலங்களில் போய்விடும். ஸ்டீரொயிட் சில நாட்களில் வீக்கத்தைக் குறைக்கும். இது நரம்பைச் சாகடிக்கும் ஊசி அல்ல. அன்றைக்குக் கால் மரத்து, தளர்ந்து இருக்கலாம். துணைக்கு ஒருவர் போக வேண்டும். கிருமி தொற்றுதல், நரம்பில் காயம் போன்ற பெரிய ஆபத்துக்கள் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. அதனால்தான் பழகிய விசேட வைத்தியரே போட வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஊசி, பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளாது. சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் வலி குறையும். சிலருக்குக் குறையாமலும் போகும். பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி 6 முதல் 12 வாரங்களில் தானாகவே தணிகிறது. அந்தக் காலத்தை நடமாடிக் கடப்பதற்கு ஊசி ஒரு கைத்தடி. வலி குறைந்தவுடன் மூட்டை தூக்க ஓடக்கூடாது. படுத்தே கிடக்கவும் கூடாது. மெதுவாக நடந்து, சொல்லித்தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும்.

டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை

சீனி வியாதி இருந்தால் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தத்தில் சீனி ஏறும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தால், கர்ப்பமாக இருந்தால், காய்ச்சல் இருந்தால், மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையும் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சிறுநீர் அடைத்துக்கொண்டால், சிறுநீரோ மலமோ தெரியாமல் போனால், மர்ம உறுப்பைச் சுற்றி மரத்தால், பாதம் தூக்க முடியாமல் தொங்கினால், ஊசிக்கோ கிளினிக்குக்கோ காத்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் கால் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

தாலிக்கொடி அடகுக்கா?

அவசரப்பட வேண்டாம். தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டிக் கடிதம் வாங்குங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். திகதிக்குக் காத்திருக்க வேண்டி வரும், அவ்வளவுதான்.

அந்தத் தாயிடமும் இதையே சொன்னோம். மகன் இப்போது கிளினிக் போகிறார். தாலிக்கொடி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.