வாழ்க்கைத் துணையும் வருமானக் கணக்கும்

கணவன் இலண்டனில், மனைவி யாழ்ப்பாணத்தில். இவ்விருவரும் ஒரு கூரையின்கீழ் வாழப் பிரித்தானியா வருமான எல்லையொன்றை விதித்துள்ளது. 2012 இல் ஆண்டுக்கு 18,600 பவுணாக வகுக்கப்பட்ட அவ்வெல்லை, 2024 ஏப்ரல் 11 முதல், புதிதாக விண்ணப்பிப்போருக்கு 29,000 பவுணாக உயர்ந்தது.

மனைவி இங்கே ஆசிரியையாகப் பெறும் சம்பளம் இக்கணக்கிற் சேராது. அங்கே சென்றபின் அவள் உழைக்கக்கூடியதும் சேராது. கணவனின் சம்பளமே கணக்கு. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதங்களாக வேலை செய்பவராயின், அம்மாதங்களின் சம்பளச் சீட்டுகளையும், அப்பணம் வங்கியிற் சேர்ந்தமைக்கான கூற்றுகளையும் காட்டல் வேண்டும். பலர் இடறுவது இவ்விடத்திலேதான். கையிற் காசாக வாங்கிச் செலவழித்த சம்பளம், வங்கிக்குப் போகாமையால் கணக்கிலும் ஏறுவதில்லை.

சம்பளம் போதாதவர் சேமிப்பைக் காட்டலாம். ஆனால் முதல் 16,000 பவுண் எண்ணப்படாது. எஞ்சியதை இரண்டரையால் வகுத்து வருவதே ஓராண்டு வருமானமாகக் கொள்ளப்படும். வருமானமே இல்லாதவருக்கு 88,500 பவுண் ஆறு மாதமேனும் கைவசம் இருத்தல் வேண்டும். சாதாரண குடும்பத்துக்கு இது எட்டாத தொகையே.

2017 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இவ்வெல்லை சட்டத்துக்கு முரணன்று எனத் தீர்த்தது. எனினும், பிள்ளைகளின் நலன் போதியவாறு கருதப்படவில்லை என்று குறை கண்டது. அதன்பின் அவ்வாண்டிலேயே விதிகள் திருத்தப்பட்டன. குடும்பம் பிரிந்திருப்பது மிகக் கொடிய விளைவைத் தரும் விசேட நிலைமைகளில், உறவினர் அளிக்கும் நம்பத்தகுந்த பண உதவியையும் அதிகாரிகள் இப்போது கருத்திற்கொள்ளலாம்.